கடுப்பா, பிடிப்பா?

போன செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஜிம்மில் 50 கிலோ டெட்லிஃப்ட் போட்டேன், அதாவது தரையில் கிடக்கும் ராடைக் குனிந்து பிடித்து நிமிர்ந்து தூக்குவது. அஞ்சஞ்சு தடவையாக மூன்று செட். ஜூலையில் இடுப்பு பிடித்துக்கொண்டதற்கு அப்புறம் ராடில் பிளேட் மாட்டித் தூக்கியது அன்றுதான். நடுவில் பதினோரு வாரம் போய்விட்டது.

அந்தப் பதினோரு வாரமும் என்னைப் பார்த்தவர்களில் பாதிப் பேர், "நாப்பது வயசுக்கு மேல எடை தூக்குனா இப்படித்தான்" என்றார்கள். மீதிப் பேர், "வலியப் பொறுத்துக்கிட்டுப் பண்ணுங்க, தானா போயிடும்" என்றார்கள். இரண்டு பேச்சையும் நான் நம்பினேன். இரண்டாலும் எனக்குக் கெடுதல்தான் வந்தது. எங்கே தப்புச் செய்தேன் என்பதை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

எங்களுக்கு மன்னார்குடியில் உரக்கடை. அப்பா ஆரம்பித்தது. எனக்கு வயது 43. காலை ஒன்பது மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் ராத்திரி எட்டு வரைக்கும் ஸ்டூலும் நானும்தான். விவசாயி வந்து கைரேகை மிஷினில் விரலை வைப்பார், பில் போடுவேன், உள்ளே குரல் கொடுப்பேன், லோடுமேன் மூட்டையைக் கொண்டுவந்து வண்டியில் வைப்பார். என் உடம்பு ஒரு மூட்டையைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. பிப்ரவரியில் ரத்தப் பரிசோதனை செய்தபோது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.2 என்று வந்தது. 5.7-இலிருந்து 6.4 வரைக்கும் சர்க்கரை வியாதிக்கு முந்தின நிலை. டாக்டர் நடக்கச் சொன்னார், கூடவே எடைப் பயிற்சியும் செய்யச் சொன்னார். சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான், தசை இருந்தால்தானே வாங்கும் என்று அவர் சொன்னது மனதில் நின்றுவிட்டது. பங்குனியில் ஜிம்மில் சேர்ந்தேன். பைக் உதிரிபாகக் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. ஒரு பெரிய கண்ணாடி, ரப்பர் பாய், நாலைந்து ராடு. மாஸ்டருக்கு முப்பது வயது இருக்கும்.

முதல் வாரம் ஸ்குவாட், அதாவது எடையோடு உட்கார்ந்து எழுவது, போட்டதற்கு மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. அதற்கும் மறுநாள் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட முடியவில்லை. தொடை இரண்டும் கல் மாதிரி. மாஸ்டரிடம் சொன்னேன். "லாக்டிக் ஆசிட் தேங்கியிருக்கு சார். பயப்படாதீங்க, வேலை நடக்குதுன்னு அர்த்தம்" என்றார். பயப்படாதீங்க என்றது சரி. ஆசிட் கதை சரியில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். பயிற்சியின்போது ரத்தத்தில் ஏறும் லாக்டேட் (அந்த ஆசிட்டின் இன்னொரு வடிவம்) ஒரு மணி நேரம் போல ஆகிவிட்டால் பழைய அளவுக்கு வந்துவிடும். இரண்டாம் நாள் வரும் வலிக்கு அது எப்படிப் பொறுப்பாகும்? 1902-லேயே தியடோர் ஹஃப் என்கிற அமெரிக்க உடலியலாளர் ஒரு விரலால் ஸ்பிரிங்கை இழுக்க வைத்துப் பார்த்து, பிந்தி வரும் இந்த வலி களைப்பினால் வருவது இல்லை, தசைக்குள் நுண்ணிய கிழிசல் விழுவதால் வருவது என்று எழுதியிருக்கிறார். அதிலும் தசை சுருங்கித் தூக்கும்போதைவிட, நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போதுதான் சேதம் அதிகம். பழனிக்குப் போய்வந்தவர்களுக்கு இது தெரியும். ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் தொடை கடுப்பது இறங்கியதற்காக. முதல் நாளைவிட இரண்டாம் நாள், சில பேருக்கு மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாகவே வடியும். ஒரு வாரம் கழித்து அதே பயிற்சியைச் செய்தால் அவ்வளவு வலி இருக்காது. தசை கற்றுக்கொண்டுவிடுகிறது.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. மூன்று மாதத்தில் தொடை, தோள், முதுகு என்று ஒவ்வொன்றாகக் கடுத்தது, ஒவ்வொன்றாகச் சரியாயிற்று. ஜூன் கடைசியில் டெட்லிஃப்ட் 70 கிலோ வந்துவிட்டது. அந்த மூன்று மாதம் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று: வலித்தால் பயப்படாதே, தொடர்ந்து செய். அந்தப் பாடம்தான் ஜூலையில் என்னைக் கவிழ்த்தது.

குறுவைக்கு மேலுரம் போடுகிற நேரம். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் யூரியா லாரி வந்து நின்றது. பத்து டன். யூரியா மூட்டை முன்பு 50 கிலோ இருந்தது, 2018-இலிருந்து 45 கிலோ. அந்தக் கணக்கில் 222 மூட்டை. நாலு பேர் இறக்க வேண்டியதில் ஒருவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். மூன்று மாதம் ஜிம்முக்குப் போன தைரியத்தில் நானும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கை கொடுத்தேன். நாற்பது மூட்டை போல இன்னொருவரோடு சேர்ந்து தூக்கிவிட்டிருப்பேன். அன்று சாயந்திரமே ஜிம்முக்கும் போனேன். நாள் தவறக்கூடாது என்ற பிடிவாதம்.

மூன்றாவது செட்டில் நாலாவது தடவை ராடு முழங்காலைத் தாண்டும்போது, வலது பக்கம், இடுப்பெலும்புக்கு நாலு விரல் மேலே, ஒரு இடத்தில் சுண்டியது. சத்தம் ஒன்றும் இல்லை. நனைந்த துணியைப் பிழியும்போது ஒரு நூல் தெறிக்குமே, கைக்கு மட்டும் தெரியுமே, அப்படி. ராடைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றேன். நிமிர முடிந்தது. அஞ்சாவது தடவையும் தூக்கினேன். இன்னொரு செட்டும் போட்டேன்.

இதை எழுதும்போதுகூட அந்த அஞ்சாவது தடவையை நினைத்தால் மனசு கேட்கவில்லை. நிறுத்தச் சொல்லி உடம்பு அவ்வளவு தெளிவாகச் சொன்னது. நான் அதைப் பழைய கடுப்போடு சேர்த்துவிட்டேன்.

புதன்கிழமை அந்த இடம் மட்டும் விறைத்துக்கொண்டு இருந்தது. மெடிக்கலில் டைக்ளோஃபினாக் என்கிற வலி மாத்திரை வாங்கிப் போட்டேன். சீட்டு எதுவும் கேட்கவில்லை, கொடுத்துவிட்டார்கள். வலி அடங்கிற்று. வியாழக்கிழமை சாயந்திரமும் ஒன்று போட்டுக்கொண்டு ஜிம்முக்குப் போய், எடையை 50 ஆகக் குறைத்து, டெட்லிஃப்ட் போட்டேன். வலியே தெரியவில்லை. தெரியாமல் போனது மாத்திரையால் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறேகால் மணி. பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளிக்க வாஷ்பேசினில் குனிந்தேன். பெரிய குனிவுகூட இல்லை, ஒரு முக்கால் அடி இருக்கும். முதுகின் கீழ்ப்பாதி அப்படியே பூட்டு விழுந்தமாதிரி இறுகிற்று. மூச்சை உள்ளே இழுத்தேன், வெளியே விட முடியவில்லை. வலது கையால் பேசினைப் பிடித்துக்கொண்டு, வாயில் பற்பசை நுரையோடு, நிமிரவும் முடியாமல் குனியவும் முடியாமல் நின்றேன். மனைவி வந்து என் இரண்டு அக்குளுக்கும் கீழே கையைக் கொடுத்து, சுவரோரமாகவே நடத்திக் கட்டிலுக்குக் கொண்டுவந்தாள். பத்தடி தூரம். படுப்பதற்குள் வேர்த்துக் கொட்டிவிட்டது. அன்று முழுக்க எனக்கு இருந்த பெரிய பயம் தும்மல் வந்துவிடுமோ என்பதுதான்.

ஏன் காலையில், ஏன் வாஷ்பேசினில் என்று பின்னாளில் படித்துப் பார்த்தேன். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டுகள் ராத்திரி படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. காலையில் எழும்போது நாம் முந்தின சாயந்திரத்தைவிட ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாகவே இருப்போம். உப்பிய வட்டு வளைய மறுக்கும், அதனால் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் இடுப்புக்கு விழும் அழுத்தம் மற்ற நேரத்தைவிட அதிகம். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கயிறு முறுக்கினமாதிரி நீளமாக ஓடும் தசைகள்தான் நம்மை நிமிர்த்தி வைக்கின்றன. அதில் ஒரு இடத்தில் நார் அறுந்திருக்க, காலை நேரத்துக் குனிவும் சேர, சுற்றியிருக்கும் தசையெல்லாம் அந்த இடத்தை அசையவிடக்கூடாது என்று ஒன்றாக இறுக்கிக்கொள்கிறது. அதைத்தான் பிடிப்பு என்கிறோம். இப்போதும் நான் எழுந்து ஒரு மணி நேரம் கழியாமல் தரையில் கிடக்கும் எதையும் குனிந்து எடுப்பதில்லை. வாய் கொப்பளிக்க முழங்காலை மடக்கிக்கொள்கிறேன்.

அம்மா வந்து பார்த்துவிட்டு, "மூச்சுப்பிடிப்புடா இது. கால் முன்னால பொறந்தவங்க மிதிச்சா எடுத்துடும்" என்று பக்கத்துத் தெரு அத்தையைக் கூப்பிடக் கிளம்பிவிட்டாள். அந்த அத்தை எங்கள் தெருவில் எத்தனையோ பேருக்கு உலக்கை உருட்டிச் சுளுக்கு எடுத்தவர். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அறுந்திருக்கிற நாரின் மேல் ஒரு ஆள் ஏறி மிதிப்பதை நினைக்கவே முடியவில்லை. வேண்டாம்மா என்றேன். அம்மாவுக்கு வருத்தம். அதற்குப் பதிலாகப் புளிய இலையைப் போட்டுக் கொதிக்கவைத்து, துண்டை நனைத்துப் பிழிந்து, ஒத்தடம் கொடுத்தாள். அந்தச் சூடு பட்டதும் இறுக்கம் ஒரு சுற்று கழன்றது நிஜம். கழன்ற அந்தக் கால் மணி நேரத்தில்தான் புரண்டு படுத்தேன், பாத்ரூமுக்கு நடந்தேன். சூடு அறுந்த நாரை ஒட்டவைக்காது, ஆனால் இறுகிய தசையை இளக்கும். அதுவே அன்றைக்குப் பெரிய உதவி.

அடுத்த நாள் பார்த்த டாக்டர் மூன்று வாரம் படுத்த படுக்கையாக ஓய்வு எடுக்கச் சொல்லி, ஸ்கேனுக்கும் எழுதிக்கொடுத்தார். தஞ்சாவூர் போய் எடுத்தேன். ரிப்போர்ட் திரும்பி வரும் வழியில் போனுக்கே வந்துவிட்டது. இடுப்புப் பகுதியின் நாலாவது, அஞ்சாவது முதுகெலும்புக்கு நடுவில் வட்டு பிதுங்கியிருக்கிறது என்று போட்டிருந்தது. அதைப் படித்ததும் நான் உடைந்துபோனேன். இனிமேல் மூட்டை என்ன, பிள்ளையைக்கூடத் தூக்க முடியாது என்று முடிவே கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்தவன் ஒன்பது நாள் எழுந்திருக்கவில்லை. சாப்பாடு கட்டிலுக்கு வந்தது. நாளாக ஆக இறுக்கம் கூடிற்று, குறையவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு வீட்டில் எல்லோரும் ஆற்றுக்குப் போனபோது நான் திண்ணையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு அப்புறம்தான் மைத்துனர் சொல்லி ஒரு பிசியோதெரபிஸ்ட் மேடத்தைப் பார்த்தேன். ஸ்கேன் உறையை நீட்டினேன். வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, "அத அப்புறம் பாக்கலாம். என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க" என்றார்.

"வலிக்குது மேடம்."

"வலின்னா எப்படி? கடுக்குதா, குத்துதா, இழுக்குதா, எரியுதா, மரத்துப்போகுதா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்று வாரமாக எல்லோரிடமும் வலி, வலி என்று ஒரே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். விரலால் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்ட முடியுமா, இல்லை உள்ளங்கையை விரித்துப் பொத்திக் காட்ட வேண்டியிருக்கிறதா? தொடங்கின கணம் நினைவிருக்கிறதா, இல்லை எப்போது வந்தது என்றே தெரியாமல் வந்ததா? கொஞ்சம் நடந்தால் இளகுகிறதா, இல்லை ஒரு கோணத்தில் மட்டும் வெடுக்கென்று பிடிக்கிறதா? பிட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே மின்சாரம் மாதிரி இறங்குகிறதா? படுக்க வைத்து, காலை நீட்டியபடியே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். குதிகாலால் நாலடி, முன்பாதத்தால் நாலடி நடக்கச் சொன்னார். கடைசியாக, ஒன்றுக்கு, இரண்டுக்குப் போவதில் கட்டுப்பாடு இருக்கிறதா, உட்காரும் இடமும் உள்தொடையும் மரத்திருக்கிறதா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார். இந்தக் கடைசிக் கேள்விகளில் எதற்காவது ஆமாம் என்றாலோ, கால் பலமிழந்து தொய்ந்தாலோ பிசியோவுக்கு வரக்கூடாது, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நரம்புக் கற்றை நசுங்கியிருந்தால் மணிக்கணக்குதான் அவகாசம் என்று சொன்னார். அளவுக்கு மீறிப் பயிற்சி செய்தபின் உடம்பு முழுக்க வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனாலும் அப்படித்தான். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும். இதை எந்த ஜிம்மிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை. ஜிம்மில் சேரும் அன்றைக்கே சொல்ல வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன்.

என் விஷயத்தில் எதுவும் இல்லை. காலுக்கு இறங்கவில்லை, மரக்கவில்லை. தசையில் விழுந்த கிழிசல், அதுவும் பாதி ஆறிவிட்டது என்றார். அப்புறம்தான் ஸ்கேனை எடுத்தார். "இத வச்சுப் பயந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு ஒரு கணக்குச் சொன்னார். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியாகியிருக்கிறது. வலி இல்லாத நாற்பது வயதுக்காரர்களிலேயே பாதிப் பேருக்கு வட்டு பிதுங்கியிருக்கிறது. எண்பது வயதில் 84 சதவீதம். தலைமுடி நரைக்கிறமாதிரி. என் வட்டு எத்தனை வருஷமாக அப்படி இருக்கிறதோ, நான் அதோடுதான் 70 கிலோ தூக்கியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து அந்தக் கட்டுரையைத் தேடிப் பிடித்தேன், அந்த அட்டவணையைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். எந்த மாத்திரையும் கொடுக்காத நிம்மதியை அது கொடுத்தது.

படுத்துக் கிடந்ததைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மாறிற்று. ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களில் திடீரென்று முதுகு பிடித்துக்கொண்ட 186 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து ஒரு ஆய்வு செய்திருக்கிறார்கள். 1995-இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு, இன்னொன்றுக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாவது பிரிவிடம் வலி விடுகிற அளவுக்கு வழக்கமான வேலையைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். சீக்கிரம் குணமானது மூன்றாவது பிரிவு. இரண்டு நாள் படுத்தவர்களே பின்தங்கினார்கள் என்றால் ஒன்பது நாள் படுத்த நான் எங்கே இருப்பேன்?

அன்றிலிருந்து நடை. காலை வெயில் வந்தபிறகு ஹரித்ரா நதிக்கரையில். ஊருக்குப் புதியவர்கள் பெயரைப் பார்த்து ஆறு என்று நினைப்பார்கள், அது எங்கள் ராஜகோபாலசுவாமி கோயில் தெப்பக்குளம், 23 ஏக்கர். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல். முதல் நாள் கால் சுற்றுதான் முடிந்தது, படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரத்தில் முழுச் சுற்று வந்தது. நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது, பக்கவாட்டில் முழங்கையில் தாங்கி நிற்பது, மல்லாந்து படுத்து இடுப்பை மட்டும் உயர்த்துவது என்று மூன்று பயிற்சி கொடுத்திருந்தார். பத்து நொடி பிடித்து விட வேண்டும், அதற்கு மேல் வேண்டாம்.

இங்கேதான் நான் இரண்டாவது தடவை தப்புச் செய்தேன். முதல் நாள் அந்தப் பயிற்சிகளைச் செய்தேன். மறுநாள் சாயந்திரம் முதுகு முழுக்க வலி. போச்சு, மறுபடி கிழிந்துவிட்டது என்று படுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பயந்துகொண்டே மேடத்துக்குப் போன் செய்தேன்.

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும் மேடம்."

"செய்யும்போதே வந்துச்சா?"

"இல்ல. மறுநாள் சாயந்திரம்."

"நடந்தா கூடுதா, இளகுதா?"

"... இளகுது."

"அது கடுப்பு சார். ஒரு மாசமா சும்மா இருந்த தசைக்கு வேலை கொடுத்திருக்கீங்க. எழுந்து நடங்க."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஜூலையில் வந்தது பிடிப்பு. அதைக் கடுப்பு என்று நினைத்து மேலே மேலே தூக்கினேன். ஆகஸ்டில் வந்தது கடுப்பு. அதைப் பிடிப்பு என்று நினைத்துப் படுத்தேன். அம்மா, பாட்டி வாயிலெல்லாம் உளைச்சல், கடுப்பு, குத்தல், குடைச்சல், இழுப்பு, பிடிப்பு, சுளுக்கு, மரமரப்பு என்று எத்தனை சொல் புழங்கிற்று. அவர்கள் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் சொல்ல மாட்டார்கள். நாற்று நட்டுவிட்டு வந்த ராத்திரி பாட்டி "இடுப்பு உளையுது" என்பாள், மறுநாளும் நடவுக்குப் போவாள். "பிடிச்சுக்கிச்சு" என்றால் போக மாட்டாள். எனக்கு எல்லாமே வலி ஆகிவிட்டது.

இப்போது நான் பார்ப்பது இதுதான். செய்யும்போதே, ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டுகிறமாதிரி வந்தால் அந்த நொடியே ராடைக் கீழே வைத்துவிடுவேன். அன்றைக்கு முடிந்தது. மறுநாளோ அதற்கு மறுநாளோ, இரண்டு பக்கமும் பரவலாக, எழுந்து நடமாடினால் இளகுகிறமாதிரி வந்தால் போகட்டும் என்று விட்டுவிடுவேன், அடுத்த தடவை கொஞ்சம் குறைத்துக்கொள்வேன். கடுப்பு அஞ்சாறு நாளுக்கு மேல் நின்றால் அது கடுப்பு இல்லை. மாத்திரை போட்டுக்கொண்டு ஜிம்முக்குப் போவது இனி என் வாழ்நாளில் கிடையாது.

குனிவதற்கு இருந்த பயம் போக இன்னும் நாள் பிடித்தது. 20 லிட்டர் தண்ணீர் கேனை மனைவியைத் தூக்கவிட்டு நான் பார்த்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. அதைப் போக்கியதில் பாதிப் பங்கு எங்கள் கடை லோடுமேன் அண்ணனுக்கு. அப்பா காலத்து ஆள், ஐம்பத்தைந்து வயது, என்னை இன்னமும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் கடையில் ஆள் இல்லாத நேரம் கேட்டேன், முப்பது வருஷமா எப்படித் தூக்குறீங்க என்று. கைகளை உதறிவிட்டு ஒரு மூட்டைப் பக்கத்தில் போய் நின்றார்.

"தரையிலேருந்து தனியாளா நாங்க தூக்க மாட்டோம் தம்பி. ரெண்டு பேரு ஏத்திவிடணும். ஆள் இல்லேன்னா, மூட்டைய வயித்தோட அணைச்சுக்கணும். தள்ளி நின்னு இழுத்தா அது நம்மளத் தூக்கிடும்." அப்புறம் ஒன்று காட்டினார். காலை ஊன்றி, பிட்டத்தைப் பின்னால் தள்ளி, முதுகு பலகைபோல நிற்க, மூட்டையின் இரண்டு காதையும் பிடித்துத் தொடையோடு உரசி மேலே கொண்டுவந்தார். திரும்பும்போது இடுப்பைத் திருகவில்லை, பாதத்தை மாற்றி வைத்துத் திரும்பினார். பிசியோ மேடம் ஒட்டடைக் கம்பை என் முதுகில் வைத்து, பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் கம்பு தொட்டுக்கொண்டே இருக்கும்படி குனியச் சொல்லிக்கொடுத்தாரே, அதே அசைவு. கடையில் நாலு அடி தள்ளி உட்கார்ந்து இத்தனை வருஷம் பார்த்தும் நான் பார்க்கவில்லை.

அப்புறம் வாளி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, கணக்குச் சுலபம். அஞ்சு லிட்டரில் ஆரம்பித்து, காலிடையில் வைத்துத் தூக்கி, வாரத்துக்கு இரண்டு லிட்டர் கூட்டினேன். மறுநாள் காலை முதுகு முந்தின நாள் காலை இருந்ததைவிட மோசமாக இல்லையென்றால் மட்டும் கூட்டுவது. பதினைந்து லிட்டரில் வாளியின் கைப்பிடி வளைந்துவிட்டது. ஜிம்முக்குத் திரும்பினேன்.

எழுதும்போது உறுத்திக்கொண்டே இருப்பது ஒன்று உண்டு. பத்து டன் லாரியை நாலு பேர் இறக்கினால் ஆளுக்கு இரண்டரை டன். என்னால் ஒன்பது நாள் படுக்க முடிந்தது, தஞ்சாவூர் போய் ஸ்கேன் எடுக்க முடிந்தது. பிடித்துக்கொண்டால் அவர்களுக்கு அன்றைய கூலி போகும், அதனால் மாத்திரை போட்டுக்கொண்டு வருவார்கள், நான் வியாழக்கிழமை போனமாதிரி. வருஷம் முழுக்க. அந்த அண்ணன் இடது கையை இடுப்பில் ஊன்றியபடியே நிற்பதைச் சில வருஷமாகப் பார்க்கிறேன், அது அவர் நிற்கிற விதம் என்று நினைத்திருந்தேன். அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபிக்குக் காசு கிடையாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோ செய்கிறார்கள். அவருக்கு இது எதுவுமே தெரியவில்லை. எனக்கும் இந்த ஆகஸ்டுக்கு முன்னால் தெரியாது.

போன புதன்கிழமை, 50 கிலோ போட்டதற்கு மறுநாள், கடையை மனைவியிடம் விட்டுவிட்டு அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். என் முதுகு இரண்டு பக்கமும் மெல்லக் கடுக்க ஆரம்பித்திருந்தது. பெஞ்சில் வரிசைக்காகக் காத்திருக்கும்போது, "உள்ள போனா என்ன தம்பி சொல்லணும்?" என்று கேட்டார். வலி என்று மட்டும் சொல்லாதீங்கண்ணே, எங்கே, எப்போலேருந்து, எப்படி என்று சொல்லுங்கள் என்றேன். சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"எடது பக்கம். ஏழெட்டு வருசமா. குனிஞ்சா இழுக்கும், நிமிந்தா பிடிக்கும். கால் மரக்கிறது போன தையிலேருந்துதான்."

கால் மரக்கிறது என்பதை அவர் இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. நம்பர் கூப்பிட்டார்கள். நானும் அவரோடு உள்ளே போனேன். பரிசோதித்த டாக்டர் இடது காலைத் தூக்கியதும் பாதி வழியிலேயே அவர் முகம் சுருங்கிற்று. நரம்பு அழுந்துகிறது என்று எழுதி ஸ்கேனுக்கு அனுப்பியிருக்கிறார். நாளை மறுநாள் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்திருக்கிறேன். கைரேகை மிஷினை அவர்தான் பிடிக்கிறார், கூலியில் குறைவு இல்லை. சும்மா உட்கார்ந்து காசு வாங்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறார். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து கடை வாசல் வரைக்கும் நடந்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.